குன்று ஸ்டேஷனுக்கு ஒரு நேயர்

“செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்வாங்க அண்ணி. அந்தச் சங்குக்காவது ஒரு செவிடன் இருந்தான். இவரு ஊதினதுக்கு அவன்கூட இல்லை” என்றான் சவடால்.

லாக்கப் கம்பிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்த மனிதர் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. உண்மைதானே என்பது போல் தலையை ஆட்டினார். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். கேமரா முன்னால் உட்கார்ந்து பழகிய முதுகு லாக்கப்பிலும் வளையாமல் இருந்தது. ஊருக்கு மேற்கே குன்றின் மேல் ஒற்றை அறையும் குட்டை டவருமாக ஒரு சின்ன டிவி ஸ்டேஷனை நடத்துகிறவர் அவர். செய்தி வாசிப்பதும் அவர்தான், கேமராவை நிறுத்தி வைப்பதும் அவர்தான், கரண்ட் போனால் ஓடிப்போய் ஜெனரேட்டரை இழுப்பதும் அவர்தான். ஊர் அவருக்குக் குன்றுக்காரர் என்று பெயர் வைத்திருந்தது.

அவரைப் பார்க்க வந்தவள் ஊருக்கெல்லாம் அண்ணி. புருஷன் ஆரம்பித்து வைத்துவிட்டுச் செத்துப்போன துப்பறியும் நிலையத்தை, போர்டை மாற்றாமல், இன்னமும் நடத்திக்கொண்டிருப்பவள். புருஷனின் தம்பி சவடால் அவளுக்கு உதவியாள். அவன் “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். போலீஸ்காரர்கள் முதலில் கிண்டலுக்குக் கூப்பிட்டார்கள். அவள் இரண்டு கேஸைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்கள்.

வழக்கு இதுதான். பெரிய டிவி ஸ்டேஷன்கள் எல்லாம் பழைய முறையை மூட்டை கட்டிவிட்டு ஒரே நாளில் டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. குன்றுக்காரரைப் போன்ற குறைந்த சக்தி ஸ்டேஷன்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். மாறுகிற நாளும் வந்தது. ஊரின் கிழக்குக் கோடியில் இருந்த புது டவர் வழியாக, ஊர் மண்டபத்தில் நடந்த தொடக்க விழாவை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தபோது ஊர் முழுக்க டிவி இருண்டு போனது. போய்ப் பார்த்தால் டவர் அடியில் கேபிள் வெட்டப்பட்டுக் கிடந்தது. அதை மறுநாளே ஒட்டிச் சரி செய்துவிட்டார்கள். வெட்டியவன் மேற்குப் பக்கமாக ஓடியதைப் பார்த்தேன், முகம் தெரியவில்லை என்று அங்கே டியூட்டியில் இருந்த இன்ஜினீயர் வாக்குமூலம் கொடுத்தார். டிஜிட்டல் வந்தால் என் பிழைப்பு போச்சு என்று குன்றுக்காரர் தம் டிவியிலேயே புலம்பியிருந்தார். ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்தது. போலீசுக்குக் கழிக்கும் வேலைகூட இல்லாமல் போயிற்று.

அந்த இன்ஜினீயர் குன்றுக்காரரின் கூடப்பிறந்த தம்பி. அண்ணனோடு சேர்ந்து குன்றில் வேலை பார்த்துவிட்டு, பிறகு பெரிய ஸ்டேஷனுக்குப் போனவர். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒரே ஊரில் இருந்துகொண்டு இருவரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை.

“தம்பி உடையான் படைக்கு அஞ்சான். இவருக்குத் தம்பிதான் படையே” என்றான் சவடால்.

“கொஞ்சம் சும்மா இரு, தம்பி.” அண்ணி கம்பியருகே குனிந்தாள். “அந்த நேரத்துல நீங்க நேரடியா வாசிச்சிட்டிருந்தீங்க. சரி. போலீஸ் என்ன சொல்றாங்க?”

“கேசட்டைப் போட்டு ஓட விட்டுட்டு நான் இறங்கி வந்து வெட்டினேனாம். நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அப்புறம் வெளிய வர்றது சுலபமில்லையாம். யாராவது ஒருத்தர் நான் வாசிச்சதைப் பார்த்திருந்தாப் போதும்மா. ஒருத்தர்.”

“அன்னைக்கு எப்பவும் நடக்காத ஏதாவது நடந்துச்சா?”

குன்றுக்காரர் கால் விரலைப் பார்த்தார்.

“வெட்கமா இருக்கும்மா. நம்ம நம்பரைத் திரையில போட்டுக்கிட்டே இருப்பேன். முன்னாடியெல்லாம் யாராவது கூப்பிட்டு, கரண்ட் எப்ப வரும், காணாமப் போன மாடு கிடைச்சுதான்னு கேப்பாங்க. டிஜிட்டல் பாக்ஸ் வாங்கினதும் அதுவும் நின்னு போச்சு. அன்னைக்குச் செய்தி வாசிக்கையில என்னவோ மாதிரி ஆயிடுச்சு. பாதியில நிறுத்திட்டுக் கேமராவைப் பார்த்துக் கேட்டுட்டேன். யாராவது இருக்கீங்களா? இருந்தா உங்க வீட்டு வெளி லைட்டை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க, நான் ஜன்னல்ல நின்னு பார்க்கறேன்னு.”

சவடாலுக்குச் சிரிப்பு வரவில்லை.

“எழுந்து போய் நின்னேன். அப்பத்தான் இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஊர் பூரா லைட்டு. ஒண்ணே ஒண்ணு அணைஞ்சு எரிஞ்சுது. தண்ணித் தொட்டிக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவுல. எந்த வீடுன்னு தெரியலை. திரும்பி வந்து உட்கார்ந்து நன்றின்னு சொன்னேன்.”

“இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?”

“சொன்னேனே. மின்மினிப் பூச்சியா இருக்கும்னாங்க. எழுதிக்கக்கூட இல்லை.” அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “கேஸ் என்னமோ ஆகட்டும்மா. அது யாருன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்.”

வெளியே வரும்போது இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு எதிரே அந்த இன்ஜினீயர் தம்பியே உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. தம்முடைய வாக்குமூலத்தை வரி வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“இங்க டிரான்ஸ்ஃபார்மர்னு இருக்கு சார். டிரான்ஸ்மிட்டர். அது வேற, இது வேற.”

“ரெண்டும் கரண்ட்லதானேங்க ஓடுது?” என்றார் இன்ஸ்பெக்டர் அலுப்போடு.

“மிக்ஸியும் கரண்ட்லதான் சார் ஓடுது. மாத்திடுங்க. அப்புறம் இங்க, கேபிள் கறுப்புன்னு எழுதியிருக்கு. சாம்பல் கலர்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். லாக்கப் இருந்த பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை. கழுத்து சுளுக்கியவர்கூட ஒரு தரம் திரும்பியிருப்பார் என்று தோன்றியது அண்ணிக்கு.

ஸ்கூட்டரில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகும்போது சவடால் புலம்பினான். “வைக்கோல் போர்ல ஊசி தேடலாம் அண்ணி. ஊசின்னா குத்தும், தெரிஞ்சுடும். டிவி பார்த்தவனை எப்படித் தேடறது? கதவைத் தட்டி, ஐயா நீங்க பார்க்கக்கூடாத சேனலைப் பார்த்தீங்களான்னா கேக்கறது?”

“கதவைத் தட்ட வேணாம். மேல பாரு.”

சவடால் மேலே பார்த்தான். வண்டி கீழே இருந்த பள்ளத்தைப் பார்த்தது. இருவரும் ஒரு குலுக்கலுக்குப் பிறகு இறங்கினார்கள்.

“குன்று ஸ்டேஷன் வர்றது ரொம்பக் கீழ் அலைவரிசையில. அதைப் பிடிக்க ரெண்டு கையையும் விரிச்ச நீளத்துக்குக் கம்பி வேணும். புது டிஜிட்டலுக்கு முழம் நீளக் கம்பி போதும். அதுவும் கிழக்கே பார்க்கணும். எல்லார் வீட்டு மாடியையும் பாரு.”

பார்த்தான். கோயிலில் கும்பிடுகிற கூட்டம் மாதிரி எல்லா மாடியிலும் குட்டை ஆன்டெனாக்கள் கிழக்கு நோக்கி நின்றன. தெருவின் நடுவில் ஒரு பழைய வீட்டு மாடியில் மட்டும் நீளக் கம்பி ஆன்டெனா ஒன்று தனியாக மேற்கே, குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணி, கேஸ் முடிஞ்சுது!”

கதவைத் தட்டுவதற்குள் திறந்தது. உள்ளே இருந்தவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். யார் என்றுகூடக் கேட்காமல் “வாங்க, வாங்க, உட்காருங்க” என்றார். நாற்காலிகள் மூன்று இருந்தன. இரண்டின் மேல் பழைய பேப்பர் கட்டுகள். எடுத்துக் கீழே வைத்துத் தூசி தட்டிப் போட்டார். அந்த நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அண்ணிக்கு அது நன்றாகத் தெரியும். அவளும் வீட்டுக்குப் போனதும் முதலில் டிவியைத்தான் போடுவாள், சமைக்கும்போது வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்பதற்காக.

“குன்று ஸ்டேஷனா? பார்த்தேனே! அன்னைக்குப் பார்த்தேன். கோர்ட்டுல வந்து சொல்லணுமா? சொல்றேன்” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

சவடால் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தான். அண்ணி கண்ணடிக்கவில்லை.

“என்னய்யா பார்த்தீங்க?”

“செய்திதான். நல்லா வாசிச்சாரு. நடுவுல மட்டும் மூஞ்சி கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே நின்னுடுச்சு. சத்தம் வெட்டி வெட்டி வந்துச்சு. அப்புறம் சரியாயிடுச்சு.”

அண்ணி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஐயா, குன்று ஸ்டேஷன் பழைய முறை. அதுல சிக்னல் குறைஞ்சாப் படம் உடையாது. புள்ளி புள்ளியாப் பனி கொட்டும், பக்கத்துல நிழல் விழும், இரையும். கட்டம் கட்டமா உடையறது டிஜிட்டல்லதான். உங்க பாக்ஸ் வழியா அந்த ஸ்டேஷன் வரவே வராது. ஒயரைக் கழட்டி நேரா டிவியில சொருகினாத்தான் வரும்.”

போஸ்ட்மாஸ்டரின் முகம் சுருங்கியது. அவர் கோபித்துக்கொள்வார் என்று சவடால் எதிர்பார்த்தான். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

“சாட்சின்னா வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போவீங்க. திரும்பக் கொண்டு வந்து விடுவீங்க. வாய்தா மேல வாய்தா போடுவாங்க. கொஞ்ச நாளைக்கு வந்து போக ஆள் இருக்கும்னு நினைச்சேன்” என்றார்.

டிவியில் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்துக் கட்டம் கட்டமாக நின்று போனாள்.

“ஆன்டெனா ஏன் இன்னும் மேற்கே பார்க்குது?” என்று கேட்டாள் அண்ணி.

“அதைத் திருப்ப ஏணி ஏறணும். ஏற எனக்கு முட்டி இல்லை. ஏறச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.”

சவடால் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். “ஏணி எங்கய்யா இருக்கு?”

மொட்டை மாடியில் அண்ணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். சவடால் மேலே ஏறித் துருப்பிடித்த கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் திருகினான். திருகிக்கொண்டே ஊரைப் பார்த்து வருணனை சொன்னான்.

“கழட்டின ஆன்டெனாவையெல்லாம் என்ன பண்ணியிருக்காங்க பாருங்க அண்ணி! ஒரு வீட்ல கொடி படர விட்டிருக்காங்க. ஒரு வீட்ல கிளிக்கூண்டு தொங்குது. பின்னாடி குவார்ட்டர்ஸ்ல பாதிப் பேர் துணி காயப் போட்டிருக்காங்க. கடைசி வீட்டு ஆளு ரொம்பச் சிக்கனம், ஒத்தைத் துண்டுக்கு முழு ஆன்டெனா.”

அண்ணி திரும்பிப் பார்த்தாள். பெட்ரோல் பங்கை ஒட்டி வரிசையாகக் குவார்ட்டர்ஸ் வீடுகளின் பின்பக்கம் தெரிந்தது. கடைசி வீட்டின் பால்கனியில், கிராதிக்கு உள்ளே, கை விரித்த நீளத்தில் அலுமினியக் கம்பிகள். அதன் மேல் ஒரு பழுப்புத் துண்டு. மேலே குண்டு பல்பு ஒன்று. பால்கனி நேராகக் குன்றைப் பார்த்து இருந்தது.

“தம்பி, துணி காயப் போடற கம்பிக்கு ஒயர் எதுக்கு?”

சவடால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். மற்ற வீட்டு ஆன்டெனாக்கள் எல்லாம் வெறும் எலும்புக் கூடுகளாகத் தொங்கின. இதிலிருந்து மட்டும் கறுப்பு ஒயர் ஒன்று இறங்கி, ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க. இந்த ஆளு துண்டுல மறைச்சிருக்கான்” என்றான்.

“படம் வந்துடுச்சு! நின்னுடுச்சு, அப்படியே விடுங்க!” என்று கீழேயிருந்து போஸ்ட்மாஸ்டர் கத்தினார்.

இறங்கி வந்து, கடைசி வீடு யாருடையது என்று அண்ணி கேட்டாள். தெளிவான படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவர் பதில் சொன்னார்.

“பெரிய ஸ்டேஷன் இன்ஜினீயர். அதான், குன்றுக்காரரோட தம்பி. அவரும் என்னை மாதிரி ஒண்டிக்கட்டைதான்.”

குவார்ட்டர்ஸுக்கு நடந்தே போனார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஆள் இல்லை. எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே நிகழ்ச்சியின் ஒரே குரல் வந்துகொண்டிருந்தது. சவடால்கூடப் பேசாமல் வந்தான். அவன் பேசாமல் வருவது அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

இன்ஜினீயர் கதவைத் திறந்தார். வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கூடத்தில் பெரிய புது டிவி, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. பின்னறையில், பால்கனியை ஒட்டி, ஸ்டூலின் மேல் ஒரு பழைய சின்ன டிவி. அதன் எதிரே ஒரே ஒரு நாற்காலி. நாற்காலியின் கைப்பிடி தேய்ந்து பளபளத்தது.

சவடால் உரிமையோடு பால்கனிக்குப் போய்த் துண்டை எடுத்து உதறினான். ஈரம் வர வேண்டிய இடத்தில் தூசி வந்தது.

“காய்ஞ்சு ரொம்ப நாளாச்சு சார். எடுத்து மடிச்சிடலாம்” என்றான்.

இன்ஜினீயர் சட்டென்று பதில் வைத்திருந்தார். “தொழிலுக்காக வெச்சிருக்கேன். மத்த ஸ்டேஷன் எப்படி வருதுன்னு ஒரு இன்ஜினீயர் பார்க்கணுமில்ல? ஊர் சிரிக்கும்னு துண்டைப் போட்டேன். இதுல என்ன தப்பு?”

“ஒரு தப்பும் இல்லை. அன்னைக்குச் சாயந்திரம் பார்த்தீங்களா?” என்றாள் அண்ணி.

“அன்னைக்கு நான் டவர்ல இருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்.”

“தெரியும். நான் அதுக்கு வரலை. உங்க அண்ணன் சொன்னதை உங்ககிட்டயும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.” அண்ணி நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டாள். “அன்னைக்குச் செய்தியைப் பாதியில நிறுத்திட்டுக் கெஞ்சியிருக்கார் மனுஷன். யாராவது இருந்தா வெளி லைட்டை மூணு தடவை அணைச்சுப் போடுங்கன்னு...”

சவடால் வாயைத் திறந்தான். அண்ணியின் குதிகால் அவன் கட்டைவிரலைத் தேடிப் பிடித்தது.

“மூணு தடவையும் ஒரு லைட்டு அணைஞ்சு எரிஞ்சுதாம். அவரும் மூணு தடவை நன்றி சொன்னாராம்.”

“ஒரு தடவைதான்” என்றார் இன்ஜினீயர். “ஒரு தடவை அணைச்சுப் போடச் சொன்னாரு. நன்றியும் ஒரு தடவைதான்...”

சொல்லி முடிக்கவில்லை. தாம் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கே அப்போதுதான் எட்டியது. தப்பைத் திருத்தாமல் இருக்க முடியாத மனிதர். அந்தக் குணம் போலீஸ் மேஜையில் மிக்ஸி வரைக்கும் போனது. இங்கே வீடு வரைக்கும் வந்துவிட்டது.

“லாக்கப்புல அவர் சொன்னது எங்க ரெண்டு பேருக்கும் போலீசுக்கும்தான் தெரியும். போலீஸ் அதை எழுதலை, யார்கிட்டயும் சொல்லவும் இல்லை” என்றாள் அண்ணி. “பார்த்தவங்களுக்கு மட்டும்தான் சார் அது தெரியும். ஊர்லயே பார்த்தது ஒருத்தர்தான்.”

இன்ஜினீயர் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவிதமே, தினமும் உட்காருகிற இடம் என்று சொல்லிற்று.

“தினமும் பார்ப்பேன்” என்றார். “வேலைக்குப் போன நாள்லேருந்து. அவர் என்கூடப் பேசறதில்லை. ஆனா சாயந்திரம் ஆனா அவர் மூஞ்சி வரும், வணக்கம்னு சொல்வாரு. நானும் வணக்கம்னு சொல்வேன். சளி பிடிச்சிருந்தாத் தெரியும். இளைச்சிருந்தாத் தெரியும். விழா அன்னைக்கு எல்லாம் நல்லா ஓடிட்டிருந்துச்சு. டவர்ல நான் ஒருத்தன்தான். ஊர் பூரா பாக்ஸ் வாங்கிடுச்சு, இனிமே அவரை யார் பார்ப்பாங்கன்னு தோணுச்சு. கொஞ்ச நேரம்தானேன்னு வீட்டுக்கு வந்தேன்.”

“அப்ப மெஷின் நின்னுடுச்சு.”

“சூடேறி நின்னுடுச்சு. ஆள் இருந்தா ஒரு பட்டனை அமுக்கினாப் போதும். நான் இங்க லைட்டை அணைச்சுப் போட்டுட்டு அழுதுட்டிருந்தேன். போன் அடிச்சுது. ஓடிப் போறதுக்குள்ள மேலதிகாரி எல்லாரும் டவருக்குக் கிளம்பிட்டாங்க. எங்கடா போனேன்னு கேட்டா என்ன சொல்றது? கட்டரை எடுத்து நானே வெட்டினேன். யாரோ ஓடினான்னு சொன்னேன். அண்ணன்னு நான் சொல்லலைம்மா! ஊர்தான் சொல்லிடுச்சு. நான் இல்லைன்னு சொல்லாம இருந்தேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.”

“அந்த ‘அவ்வளவுதான்’னாலதான் அவர் லாக்கப்புல இருக்கார்.”

இன்ஜினீயர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அண்ணிக்கு அந்த மனிதன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாக இரக்கமும் வந்து தொலைத்தது. அண்ணன் அங்கே யாராவது இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், தம்பி இங்கே தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நடந்து போனால் வந்துவிடும் தூரம்.

“நான் சாட்சி சொன்னா என் வேலை போயிடும். ஜெயிலும் வரும்” என்றார் கையை எடுக்காமல்.

“வரும்” என்றாள் அண்ணி. அவள் பொய் சொல்லவில்லை. “அவர் என்கிட்ட ஒண்ணுதான் கேட்டாரு. கேஸ் என்னமோ ஆகட்டும், அந்த லைட்டு யாரோடதுன்னு தெரிஞ்சாப் போதும்னாரு. நான் அதைச் சொல்லியாகணும். நான் போய்ச் சொல்றதா, நீங்க வந்து சொல்றதா? அதை மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க.”

அவர் எழுந்து அலமாரியைத் திறந்து வேறு சட்டை எடுத்தார். போட்டுக்கொள்ளும்போது பித்தான்களை மாற்றி மாற்றிப் போட்டார். சவடால் போய்ச் சரி செய்தான்.

“தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க” என்றான், அண்ணிக்கு மட்டும் கேட்கும்படி. அது ஜோக் இல்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. பிறகு பேனாவை எடுத்தார். கேபிளைக் கத்தியால் வெட்டியதாக அவர் எழுதப் போக, “கட்டர் சார், கத்தி இல்லை” என்று இன்ஜினீயர் திருத்தினார். தன்னைத் தானே மாட்டிவிட்டுக்கொள்ளும் வாக்குமூலத்தை இவ்வளவு கவனமாகத் திருத்திய ஆளை இன்ஸ்பெக்டர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை எடுத்தார்.

வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்துக் காட்டியதில் லாக்கப்பில் எல்லாமே காதில் விழுந்திருந்தது. குன்றுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தம்பி அவர் எதிரே போய் நின்றார். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. பளார் என்று ஓர் அறை விழும் என்று சவடால் எதிர்பார்த்து ஓரடி பின்னால் நகர்ந்தான்.

அண்ணன் வெகுநேரம் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படம் எப்படிடா வந்துச்சு?” என்று கேட்டார்.

தம்பி கம்பியைப் பற்றிக்கொண்டார். “வலது பக்கம் கொஞ்சம் நிழல் அடிச்சுதுண்ணே. சத்தம் சுத்தமா இருந்துச்சு.”

“அந்த நிழல் எப்பவும் இருக்கு. கம்பத்துல ஒரு கம்பி சாய்ஞ்சிருக்கு. ஒருத்தனா ஏறிச் சரி பண்ண முடியலை.”

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். அண்ணன் வெளியே வந்தார். தம்பி உள்ளே போனார். உள்ளே போகையில் அண்ணனின் தோள் தம்பியின் தோளில் உரசியது. இருவரும் அப்படியே ஒரு கணம் நின்றுவிட்டார்கள். பிறகு பூட்டுப் போடும் சத்தம் கேட்டது.

“நீங்க போகலாம்” என்றார் இன்ஸ்பெக்டர் குன்றுக்காரரிடம்.

அவர் அசையவில்லை. சவடாலுக்குத் தாங்கவில்லை. “வாங்கய்யா, வண்டியில குன்றுல கொண்டு போய் விடறேன். உங்க செய்தி நேரம் ஆயிடுச்சு” என்றான்.

“அங்க போய் யாருக்கு வாசிக்கறது?” என்றார் குன்றுக்காரர். “பார்க்கறவன் இங்க இருக்கான்.”

சொல்லிவிட்டுக் கம்பியை ஒட்டித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உள்ளே தம்பியும் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் ஏதோ சட்டம் பேச எழுந்து, பேசாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டார். அண்ணி சவடாலின் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.